மூன்று பூஜ்ஜியங்கள்

அந்தத் துறையில் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. மாணவரின் கீபோர்டில் கை வைக்கக் கூடாது.

வேலையில் சேர்ந்த அன்றே துறைத் தலைவி அவனை ஸ்டுடியோவுக்குள் அழைத்துப் போய் இதைச் சொல்லிவிட்டார். நீளமான கூடம். ஆறு மேசைகள், மேசைக்கு மூன்று கணினி. அங்கே பாடப் புத்தகமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. வெளியே யாருக்காவது நிஜமாகவே தேவைப்படும் மென்பொருளை மாணவர்கள் வடிவமைத்து, செய்து, கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க வேண்டும். அது ஓடினால் பாஸ்.

“தப்பாப் பண்ணட்டும், அழட்டும். நீங்க வாயால சொல்லுங்க, கையால செய்யாதீங்க,” என்றார் தலைவி. “உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை அவங்களுக்கு அஞ்சு நாள் ஆகும். பாத்துட்டு நிக்க முடியாது, கை அரிக்கும். பின்னாடி கட்டிக்குங்க.”

கூடத்தின் முன்சுவரில் பெரிய திரை ஒன்று இருந்தது. எந்தக் கணினியில் யார் எதை மாற்றினாலும் அங்கே ஒரு வரி வந்து விழும். நேரம், பெயர், காரணம். காரணம் எழுதாமல் எதையும் மாற்ற முடியாது. பெயரை யாரும் எழுத வேண்டியதில்லை. அந்தக் கணினியை யார் திறந்து வைத்திருக்கிறாரோ அவர் பெயர் தானாக வரும்.

“அவங்க கம்ப்யூட்டர்ல நீங்க ஒரு எழுத்தைத் தட்டினாலும் அது அவங்க பேர்லதான் விழும். நல்லதோ கெட்டதோ. அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.”

அவன் தலையாட்டினான். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான். மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகும் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அதன் சத்தத்தை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினான். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் என்று ஒன்று கிடையாது. காலையில் கிளம்ப ஓர் இடம் வேண்டியிருந்தது. இந்த வேலை கிடைத்தது. ஒரு வருடம் தற்காலிகம், பிறகு பார்த்து நிரந்தரம்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தான். மாணவர்கள் அவனுக்குக் ‘கைகட்டி’ என்று பேர் வைத்தார்கள். காதில் விழும்படியேதான் சொல்வார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

நாலாம் மேசையில் மூன்று பேர். நெட்டை, தூங்குமூஞ்சி, பொடிசு. பொடிசுதான் மேசைக்கு லீடர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, வாய் மட்டும் ஊரையே தொடும். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்துக்கு ஓர் அழைப்பு மணி. அதைக் கேட்டு வாங்கியதே அவன் மாமனார்தான். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளும் போனபின், முட்டி இரண்டும் விட்டுப்போன நிலையில், ‘பகல் பூரா உங்க வீட்டுச் சுவத்தப் பாத்துட்டு உக்கார முடியாது மாப்பிள்ளை’ என்று தானாகவே அந்த இல்லத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். பதினொன்றாம் எண் அறை. யாராவது தூக்கி விட்டால்தான் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு வர முடியும்.

முப்பத்திரண்டு அறை, முப்பத்திரண்டு பட்டன். கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அமுக்கினால் முன்மேசையில் ஒரு மணி அடித்து, பத்து நொடியில் ஓயும். யாரும் வரவில்லையா, சரியாக இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது மணி. இது முன்மேசையில் அடிக்காது. அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் போனிலும் காது கிழிய அடிக்கும். யாராவது அந்த அறைக்கே போய்ச் சுவரிலுள்ள விசையை அமுக்கும்வரை ஓயாது. பொடிசு அதற்கு ‘மாமியார்’ என்று பேர் வைத்தாள்.

பரிசோதனைக்கு இல்லத்துக்குப் போனபோது அவன் மாமனாரிடமும் அதைச் சொன்னாள்.

“இவரு மாமியார் என் பொண்டாட்டிம்மா,” என்றார் அவர். “அவ இருந்தப்போ ரெண்டு நிமிஷமெல்லாம் பொறுக்க மாட்டா.”

பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்திருக்க வேண்டும். முகத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது என்று பிறகு நெட்டை சொன்னான்.

டெமோ நாள் காலை பத்தரை மணிக்கு எல்லாம் தயாராக இருந்தது, மாமியாரைத் தவிர. முப்பத்திரண்டு பட்டனையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டியை நகர்த்தினால் ஒன்றின்மேல் ஒன்று அமுங்கும். இரண்டு நிமிடம் கழித்து நாலாம் மேசையிலிருந்த பரிசோதனைப் போன் அலறும். அதை மட்டும் போனிலேயே அணைக்கலாம், ஆனால் அணைத்தால் அடுத்த பட்டனுக்காக அலறும். துறைத் தலைவி முதல் வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லத்து மேலாளர் வாட்சைப் பார்த்தார்.

பொடிசு பயத்தில் மூன்றாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போயிருந்தாள். மற்ற இருவரும் புரொஜெக்டர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கணினி திறந்தபடியே இருந்தது.

அவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு வருடத்தில் முதல் தடவை. இரண்டாவது மணிக்கான நேரம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நிமிடம் என்று இருந்தது. இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று பூஜ்ஜியம் போட்டான். இரண்டாயிரம் நிமிடம். ஒரு நாளையும் தாண்டிவிடும். காரணம் கேட்டது. ‘டெமோ’ என்று அடித்தான். பத்து நொடி வேலை. பெரிய திரையில் அந்த நேரம் டெமோவின் முகப்புப் படம் ஓடிக்கொண்டிருந்ததால் வரி எதுவும் விழவில்லை.

டெமோ முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

டெமோ பிரமாதமாகப் போயிற்று. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். “இன்னிக்கே மாட்டிடலாமா? வண்டி வெளியிலதான் நிக்குது,” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். துறைத் தலைவி அவன் கையைக் குலுக்கி, நிரந்தர ஆணைக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். பொடிசு அழுதாள். அந்தக் கூச்சலில் மூன்று பூஜ்ஜியமும் அவன் தலையிலிருந்து கழன்று விழுந்துவிட்டன. நாலு மணிக்கு இல்லத்தில் மணி ஓட ஆரம்பித்தது.

ஒரு வாரம் கழித்து மேலாளர் போன் செய்தார்.

“சார், பழைய மணி இருந்தப்போ நாள் பூரா கொய்கொய்னு இருக்கும். இப்ப அவ்வளவு அமைதி. உங்க பசங்களுக்குச் சொல்லுங்க.”

சொன்னான். பொடிசு மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். “மாமியார் அடிக்கவே இல்லையாமா சார்? ஒரு தடவைகூடவா?”

“ஆளுங்க உடனே போய்ப் பாக்கறாங்க போல.”

அமைதியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் கோளாறு இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் வீடும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பார்க்கப் போனபோது அவர் கழுத்துப் பட்டனைத் தூக்கிக் காட்டினார்.

“இது என்ன மாப்பிள்ளை, அழகுக்கா? நேத்து மத்தியானம் அமுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். அறுநூறு வரைக்கும் எண்ணிட்டுத் தூங்கிட்டேன். பக்கத்து ரூம் தபால் அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? பட்டனைக் கழட்டி வராந்தாவுல வீசினா சீக்கிரம் வருவாங்களாம்.”

பன்னிரண்டாம் அறைக்காரியை எல்லோரும் தபால் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். இன்னமும் எதைச் சொன்னாலும் மேசையில் ஒரு குத்து குத்தித்தான் முடிப்பார்.

“மத்தியானம் ஆளு கம்மி மாமா,” என்றான் அவன்.

“ரயில்ல நான் அப்படிச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று சிரித்தார் மாமனார். அவன் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்குத் துறைத் தலைவி அவனை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

தபால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு மணிக்கு, வேலையாட்கள் ஆள் மாறும் நேரத்தில். முன்மேசையில் யாரும் இல்லை. மூன்று நாற்பதுக்கு டீ கொண்டுபோனவள்தான் பார்த்திருக்கிறாள். பட்டன் கையில் இருந்திருக்கிறது, கட்டைவிரல் அதன் மேலேயே. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. தலையிலும் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

இரண்டு, அதன் பக்கத்தில் மூன்று பூஜ்ஜியம். கண்ணெதிரே எழுதி ஒட்டியதுபோல் நின்றது.

“பாத்ரூம்ல தண்ணி பட்டு பட்டன் கெட்டிருக்கும்னு மேனேஜர் நினைக்கறார்,” என்றார் தலைவி. “வேற பட்டன் மாட்டியாச்சு. ஆனா அந்தம்மாவோட மகன் சும்மா விடற மாதிரி இல்ல. வெள்ளிக்கிழமை வெளியிலேருந்து குழு வருது. எல்லாத்தையும் அவங்கதான் திறந்து பாப்பாங்க. அதுவரைக்கும் அந்த ப்ரோக்ராமை யாரும் தொடக் கூடாது. பசங்க அனுமதியை முடக்கிட்டேன்.”

“அதுவரைக்கும் அங்க அதே மணிதான் ஓடுமா?”

“ஒரு பட்டன் கோளாறுக்கு முப்பத்திரண்டையும் நிறுத்துவாங்களா?” ஒரு தாளை நீட்டினார். டெமோ நாளின் பதிவு. “அன்னிக்குக் காலையில அஞ்சு மாத்தம். அஞ்சும் அந்தப் பொண்ணு பேர்ல. கடைசி மாத்தத்துக்குக் காரணம் பாருங்க. டெமோவாம். அடுத்து டெமோன்னு இருக்கறப்போ எவளாவது கை வைப்பாளா?”

அவன் தாளைப் பார்த்தான். பத்து நாற்பத்திரண்டு. பொடிசின் முழுப் பெயர். டெமோ.

“உங்க பேரு எங்கயும் இல்ல,” என்றார் தலைவி, குரலைத் தாழ்த்தி. “அந்த வரைக்கும் நல்லதாப் போச்சு. உங்க ஆர்டர் கையெழுத்தாகி வந்துடுச்சு. குழு போனதும் வாங்கிக்குங்க.”

ஸ்டுடியோவில் நாலாம் மேசைக்காரர்கள் இருட்டிப்போன திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். பதிவுத் தாளின் ஒரு பிரதி பொடிசு கையிலும் இருந்தது.

“கடைசி மாத்தம் எனக்கு ஞாபகமே இல்ல சார்,” என்றாள். கண் வீங்கியிருந்தது. “பத்து நாப்பத்திரண்டுக்கு நான் பாத்ரூம்ல இருந்தேனா, வெளியில வந்துட்டேனா, அதுவும் தெரியல.”

“நீ பண்ணியிருக்க மாட்ட,” என்றான் நெட்டை.

“பேரு இருக்கேடா. பதிவு பொய் சொல்லுமா?” அவள் தாளை மடியில் வைத்துத் தேய்த்தாள். “அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சு. நான்தான் எதையோ தட்டிட்டு, மறந்து தொலைச்சிருக்கேன். நான்தான் சார்.”

அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கைகள் பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

“வீட்டுக்குப் போங்க,” என்றான்.

ஆறு மணிக்கு இல்லத்துக்குப் போனான். வராந்தா அப்போதுதான் துடைத்திருந்தது. மருந்து நெடி. இரு பக்கமும் மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கழுத்து, கழுத்தில் ஒரு பட்டன். பன்னிரண்டாம் அறை பூட்டியிருந்தது.

மாமனார் விளக்குப் போடாமல் படுத்திருந்தார்.

“சுவத்துல தட்டினாங்க மாப்பிள்ளை,” என்றார். “முதல்ல எனக்கு என்னன்னு புரியல. அப்புறம் புரிஞ்சுது. அவங்க மேசையில குத்துவாங்களே, அதே குத்து. நான் என் பட்டனை அமுக்கினேன். யாரும் வரல. திரும்ப அமுக்கினேன். கத்தினேன். எல்லா ரூம்லயும் டீவி ஓடுது, யாருக்குக் கேக்கும்? எழுந்திரிக்க முடியல. அதனால நானும் இந்தப் பக்கத்துலேருந்து தட்டினேன். ஆளு இருக்கேன்னு தெரியணுமில்ல.”

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“அவங்க ஒண்ணு தட்டுவாங்க, நான் ஒண்ணு தட்டுவேன். ரொம்ப நேரம். அப்புறம் நான் மட்டும்தான் தட்டிட்டு இருந்தேன்.”

சுவரில் கட்டிலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மாமனாரின் விரல்முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

“அந்தக் குட்டிப் பொண்ணுதான் ஏதோ தப்பா மாத்திடுச்சாமே? உங்க தலைவியம்மா போன்ல சொன்னாங்களாம், மேனேஜர் சொன்னாரு. பாவம். சின்னப் பொண்ணு.”

“மாமா...”

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. காலையில பத்து மணிக்குப் போனைப் பக்கத்துலயே வெச்சுக்குங்க.”

போகும்போது மேலாளரைப் பார்த்து, இன்றைக்கு இராத்திரி பூராவும் முன்மேசையில் ஆள் இருக்கட்டும் என்றான். ஒரு நிமிடம்கூட எழுந்து போகக் கூடாது என்றான்.

“போட்டுட்டேன் சார். ஏன், வேற எதாவது பிரச்சனையா?”

“இல்ல. ஒரு முன்ஜாக்கிரதைக்கு.”

தெருவில் நடந்தபோது அந்தப் பொய் அவன் கூடவே நடந்து வந்தது. மேசையில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கலாம். கண்ணயரலாம். அவன் கண்ணயர்ந்தால் முப்பத்தொரு பேருக்கு மாமியார் கிடையாது. பதினொன்றாம் அறைக்கும் கிடையாது. அவனுடைய அனுமதி முடக்கப்படவில்லை. ஸ்டுடியோவிலிருந்தே இரண்டை மட்டும் விட்டுவிட்டுப் பூஜ்ஜியங்களை அழிக்க ஒரு நிமிடம் போதும், இல்லத்து மணியும் மாறிவிடும். ஆனால் அழிக்கிற கை தன் பெயரில்தான் அழிக்க வேண்டும். குழு வரும்முன், யாரும் திறந்துகூடப் பார்க்காத இடத்தில், சரியாக அந்த ஒரு வரியில் இவன் எப்படிக் கை வைத்தான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான். அவள் போனில் எப்போதோ சார்ஜ் தீர்ந்திருந்தது. கடைசியாக யார் கூப்பிட்டார்கள், எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எதுவும் தெரியவில்லை. திரும்ப மூடி வைத்தான்.

புதன்கிழமை காலை ஸ்டுடியோ நிரம்பியிருந்தது. ஆனால் வழக்கமான கூச்சல் இல்லை. பொடிசு தன் செத்த திரைக்கு முன் உட்கார்ந்து குழுவுக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கையால். ‘என் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்திருந்தது. தபால் அம்மா இன்னும் கண் திறக்கவில்லையென்று தூங்குமூஞ்சி யாரிடமோ சொன்னான்.

அவன் மூலையிலிருந்த தன் மேசையில் உட்கார்ந்தான். தன் கணினியைத் திறந்தான். முன்சுவரில் பெரிய திரை காலையிலிருந்து வெறுமையாக இருந்தது. மாமனாருக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

“மேசையில ஆளு இருக்காங்களா மாமா?”

“எங்க? எல்லாரும் குளிப்பாட்டப் போயாச்சு. இராத்திரி உக்காந்திருந்தவனும் விடியறதுக்குள்ள காணாமப் போயிட்டான். ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தேன்.”

“கொஞ்ச நேரம் லைன்லயே இருங்க.”

அந்த வரியைத் திறந்தான். பூஜ்ஜியங்களை ஒவ்வொன்றாக அழித்தான். காரணம் கேட்டது. கட்டத்துக்குள் கோடு துடித்துக்கொண்டிருந்தது. ‘பிழை திருத்தம்’ என்று அடித்தான். பார்த்தான். அழித்தான். வேறொன்று அடித்து அனுப்பினான்.

“அமுக்குங்க மாமா.”

“அமுக்கிட்டேன்.”

முன்சுவரில் வரி விழுந்தது. பத்து நாலு. அவன் பெயர். காரணம்: ‘டெமோ அன்று நாலாம் மேசைக் கணினியில் உட்கார்ந்து இதை மாற்றியது நான், அந்த மாணவி அல்ல.’

முதலில் நெட்டைதான் பார்த்தான். முழங்கையால் பொடிசை இடித்தான். பிறகு ஆறு மேசைகளிலும் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, திரைக்கும், திரையிலிருந்து மூலைக்கும். யாரோ தலைவியைக் கூப்பிட ஓடிய செருப்புச் சத்தம். பொடிசு வரியைப் படித்தாள். பேனாவை மூடினாள். நாற்காலியிலிருந்து இறங்கி அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நேத்து நான்தான்னு அழுதப்போ,” என்றாள், “நீங்க என் பின்னாடிதான சார் நின்னீங்க?”

“ஆமா.”

“இங்கயேதான நின்னீங்க?”

“ஆமா.”

அவள் இன்னும் ஏதோ கேட்கப்போனாள். அதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. நாலாம் மேசையின் இழுப்பறைக்குள் பரிசோதனைப் போன் அலறியது. மேசை மரத்தோடு சேர்ந்து அதிர்ந்தது. அதே நேரம் ஸ்பீக்கரில், இல்லத்து வராந்தாவில் எட்டோ பத்தோ போன்கள் ஒன்றாக அலறுவது கேட்டது. தூங்குமூஞ்சி இழுப்பறைக்குப் பாய்ந்தான்.

“அணைக்காத,” என்றான் அவன். “அங்க ஒரு ஆள் ரூமுக்குப் போற வரைக்கும் அடிக்கட்டும்.”

கூடத்தின் கதவில் துறைத் தலைவி வந்து நின்று முன்சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். பொடிசு அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

“ஓடி வர்றாங்க மாப்பிள்ளை,” என்றது ஸ்பீக்கர், அலறலுக்கு நடுவே. “எல்லாரும் ஓடி வர்றாங்க. நேத்து நடந்த பயத்துல நம்பரைக்கூடப் பாக்காம தபால் அம்மா ரூம் கதவைத்தான் போட்டுத் தட்டறாங்க. அங்க ஆளு இல்லன்னு சொல்லணும். நான் என்னன்னு சொல்ல?”